கேட்காமல் பேசிய பேரம்

வண்டியை அணைப்பதா வேண்டாமா என்பதே சென்னியப்பனுக்குப் பிடிபடவில்லை, அணைத்துவிட்டால் இங்கேயே உட்கார்ந்துவிட்டதாக ஆகும், அணைக்காமல் இருந்தால் இந்தா கிளம்பிவிடுகிறேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்த மாதிரி ஆகும், வாக்கு என்ற சொல்லே இப்போது வேண்டாம், சரி அணைத்துத் தொலை என்று சாவியைத் திருப்பினான், ஆம்னி வேன் ஒரு தும்மல் போட்டு அடங்கியது, தும்மல், அதுவும் வேண்டாத சொல்தான், இந்த இரண்டு வருசத்தில் மனுசன் நினைக்கக்கூடாத சொற்கள் எத்தனை சேர்ந்துவிட்டன. ஐப்பசித் தூறல் கண்ணாடியில் விழுந்து கோடு கோடாக இறங்கியது. கோடுகளுக்கு அந்தப் பக்கம் வஞ்சிக்கொடி தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். சின்ன டீச்சர் ஒருத்தி சூடு பார்க்கிற துப்பாக்கியை நீட்ட, திருநீறு வாங்குகிறவள் மாதிரி இவள் நெற்றியைக் குனிந்து கொடுத்தாள். கட்டின பெண்டாட்டியின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவன் சங்ககிரி லாரித் தரகன் சென்னியப்பன் இல்லை, வேறு யாரோ. ஆனால் உட்கார்ந்துதான் இருந்தான். அவள் படியேறினாள். மூன்றாவது படியில் நின்று தூணைப் பிடித்தாள். இவன் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்வது போலப் பாவனை பண்ணிவிட்டு மேலே போனாள். ஊரையே ஏமாற்றலாம், கூட இருந்து அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டுத் தூங்காமல் கிடந்தவனை ஏமாற்ற முடியுமா. இப்போது உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதித்துவிட்டாள். மிதித்தாகிவிட்டது. ஓங்காளியாத்தா பார்த்திருப்பாள்.

பார்த்திருக்கட்டும், என்ன இப்போது, என்று உள்ளே ஒரு குரல் சட்டையை மடித்துக்கொண்டு கிளம்பியது. அது அவனுடைய சந்தைக் குரல். அந்தக் குரலை வைத்துத்தான் அவன் ஆளானான். பஞ்சர் ஒட்டிப் பிழைத்த கையோடு இந்தத் தொழிலுக்கு வந்தவனை முதல் வருசம் ஏமாற்றாதவன் எவன், இஞ்சினை மாற்றி வைத்து விற்றார்கள், எரிந்துபோன வண்டிக்குப் பெயிண்ட் அடித்து இவன் தலையில் கட்டினார்கள், ஒவ்வொன்றுக்கும் இவன் கத்தினான், சட்டையைப் பிடித்தான், அடி வாங்கினான், அடி கொடுத்தான், அப்படி வாங்கின அடியில்தான் படிப்பே. வண்டியின் அடியில் படுத்து சேஸ் சட்டத்தை விரலால் சுண்டினால் அது எத்தனை கை மாறி வந்தது என்று சொல்லிவிடுவான். கோபக்காரன் என்று பேர் எடுத்தவனிடம் எதற்கு இத்தனை பேர் வண்டியை ஒப்படைத்தார்கள் என்றால் ஒரே ஒரு காரணம்தான், ஓனர் வாயால் சரி என்று சொல்லாமல் சென்னியப்பன் டோக்கன், அதாவது முன்பணம், வாங்க மாட்டான். அந்தத் தொழிலில் மகா பாவம் அதுதான். மச்சான் வண்டிதான், அண்ணன் வண்டிதான், நான் சொன்னாக் கேப்பாப்ல என்று சொல்லிக்கொண்டு எவனாவது டோக்கன் வாங்கினால் அவன் தரகனே இல்லை, திருடன். இதை எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான், டீக்கடையில் வைத்து, நாலு பேர் கேட்க. அந்த வாய்தான். அதே வாய்தான்.

ஆஸ்பத்திரி மாடிப்படி. சித்திரை வெயில் உச்சியில் நின்ற நேரம். உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார்கள், கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வரிசைக் கட்டிலில் அவள் எது என்றே தெரியவில்லை, எல்லோர் முகத்திலும் குழாய், எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். கடைசியில் காலை வைத்துத்தான் கண்டுபிடித்தான், இடது பாதத்தில் வண்டி சைலன்சர் சுட்ட தழும்பு. டாக்டர் பையன், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை, பாவம் அவனும் தூங்கி எத்தனை நாளோ, "பாக்கலாங்க, ஏறினா ஏறும்" என்றான். ஏறினா ஏறும். எது ஏறும், யார் ஏற்றுவது, யாரிடம் பேச வேண்டும், இந்த ஊரில் சென்னியப்பன் பேசி முடிக்காத பேரம் ஒன்று உண்டா, ஆனால் எதிரில் ஆள் இல்லாத பேரத்தை எப்படிப் பேசுவது. படியில் உட்கார்ந்தான். படி சுட்டது. ஓங்காளியாத்தாளைக் கூப்பிட்டான். பேரத்தில் முதலில் சொல்கிற விலை கடைசி விலையாக இருக்கக்கூடாது என்பது அவன் பழக்கம், மொட்டை, காவடி, கிடா என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும், ஆனால் அன்றைக்கு வாய் எடுத்த எடுப்பில் கடைசிக்குப் போய்விட்டது. வீட்டில் இருப்பதிலேயே பெரிசு எதுவோ அதை, அவளுடைய டீச்சர் வேலையை, தூக்கி வைத்தான். "ஆத்தா, அவளை எந்திரிச்சு உக்கார வையி. இனி அவ பள்ளிக்கூடத்து வாசப்படியை மிதிக்க மாட்டா. நான் பொறுப்பு." நான் பொறுப்பு. எத்தனை நூறு லாரி அந்த ஒரு சொல்லில் கை மாறியிருக்கிறது. மறுநாள் காலையில் அவளுக்கு மூச்சு ஏறிவிட்டது. உட்கார்ந்தாள். இட்லி கேட்டாளாம்.

அதற்கப்புறம் அவன் பட்ட பாடு ஊருக்கே சிரிப்பு. பிறந்ததிலிருந்து எவனுக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன், கொடுத்தேன் வாங்கினேன் அவ்வளவுதான் என்று கணக்கை முடித்துவிட்டு நடக்கிறவன், பார்க்கிறவர்களையெல்லாம் கும்பிட ஆரம்பித்தான். வார்டு கூட்டுகிற அம்மாவைக் கும்பிட்டான், அது பயந்துபோய் விளக்குமாற்றைப் பின்னால் ஒளித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் டிரைவரைக் கட்டிப்பிடிக்கப் போய், "தள்ளி நில்லுங்ணா, தள்ளி நில்லுங்ணா" என்று அந்த டிரைவர் வண்டியைச் சுற்றி ஓடினான். மீசை முளைக்காத டாக்டருக்கு ஒரு குலை செவ்வாழை கொண்டுபோய், அவன் வேண்டாம் என்று சொன்னதும் கோபம் வந்து, "வாங்கிக்கடா சாமி, வாங்கிக்காட்டி நான் என்னடா பண்ணுவேன்" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தி, கத்தும்போதே அழுதுவிட்டான். ஆக்சிஜன் உருளை ஏற்றிக்கொண்டு வந்த லாரி இவன் வாங்கிக் கொடுத்த வண்டிதான் என்று பின்னால் தெரிந்தபோது அந்த லாரியின் பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்றைக்கும் காலையில் முதல் வேலை பக்கத்தில் படுத்திருக்கிறவளின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பது. ஏறுகிறது, இறங்குகிறது, யாரோ சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ரசீது இல்லாமல், கையெழுத்து இல்லாமல். சும்மா இல்லையே, அதுதானே சிக்கல். விலை பேசியிருக்கிறான். விலையாகச் சொன்னது இவனுடையது இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் வஞ்சிக்கொடி பேர் இருக்கிற வண்டிக்கு இவன் டோக்கன் வாங்கிவிட்டான். வாங்கின டோக்கன் அவள் மூச்சு. சம்மதம் இல்லாத பேரம் செல்லாது, சரி, செல்லாவிட்டால் தொழில் தர்மம் என்ன, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதைத் திருப்பிக் கொடுப்பது. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைப்பு பல் உடைந்த கியர் மாதிரி நறநறவென்று அரைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆறு மாசமாக இப்படித்தான்.

சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை வாயெடுத்தான். வேண்டுதல் என்று சொல்லாமல் சுற்றி வளைத்து, "விருப்ப ஓய்வு குடுத்துறலாமே புள்ளே, ஒடம்பு இருந்தாத்தானே" என்று பேச்சை விட்டுப் பார்த்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "பாக்கலாமுங்" என்றாள். பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, சந்தையில் பாக்கலாம் என்று போனவன் பத்தில் நாலு பேர் திரும்பி வருவான், அந்த நாலு பேரை நம்பித்தான் அவன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று டிவியில் சொன்ன அன்றைக்கு அவள் கைப்பேசியில் டீச்சர்கள் குரூப்பில் ஒரே சண்டை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் தோசை சுட்டாள், இவன் கேட்டான். உயிரோடு இருந்தால்தானே பாடம் நடத்த, ரெண்டு ஊசி போட்டவங்களே செத்துருக்காங்க, போராடினால் என்ன என்று ஒரு ஆண் குரல். அவர் சொல்வது நியாயம், நூற்றுக்கு நூறு நியாயம் என்று இவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினான். அடுத்து ஒரு பெண் குரல், என் வகுப்புப் பிள்ளை ஒண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு சார், தாலி போட்டுட்டு ரேசன் கடையில நிக்குது, என்னைப் பாத்துட்டு ஒளியுது என்று சொன்னது. அதுவும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தால் பேரம் எப்படிப் படியும். வஞ்சிக்கொடி தோசையைத் திருப்பிப் போட்டாள். இன்றைக்குக் காலையில் குளித்துக் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்து, "வண்டியை எடுங்" என்றாள். அவ்வளவுதான். அத்தனை பேரை மடக்கிய நாக்கு அவள் கஞ்சிப் புடவையின் மொடமொடப்பைக் கேட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்தான்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். டிவிஎஸ் வண்டியில் மகளை இறக்கிவிட்டு வந்த பொங்கியண்ணன், விசைத்தறிக்காரன், இவன் தெருவுக்கு அடுத்த தெரு, முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தான்.

"ஏனுங் சென்னியப்பா, பொண்டாட்டியைப் பள்ளிக்கோடத்துல சேத்துட்டு அழுகுதான்னு பாக்க நின்னுக்கிட்டயா?"

"மூக்கை மூடிட்டுப் பேசு மொதல்ல."

"மூடிட்டேன் மூடிட்டேன். ஏதோ தொறந்தாங்களே, அந்த மட்டும் நெம்பச் சந்தோசம். எம்பட புள்ளை ஆறாவது, 'ழ'னா எழுதச் சொன்னா பாம்பை வரையுது. இந்த வாத்தியாருங்களுக்கென்ன, ரெண்டு வருசம் ஊட்டுல உக்காந்து..."

"உக்காந்து?"

"இல்ல, ஊர்ல பேசிக்கறாங்க."

"ஊர்ல பேசறாங்களா நீ பேசறயா?" கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான் சென்னியப்பன். "போன பங்குனியில அரிசியும் புத்தகமும் தூக்கிட்டு உம்பட வூட்டு வாசலுக்கு வந்து நின்னது எவடா? உம்பட புள்ளைய வேப்பமரத்தடியில உக்காத்தி வெச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்தது எவ? அப்பறம் ஆஸ்பத்திரியில குப்புறக் கெடந்தது எவ? உக்காந்து தின்னாளாமா!"

"அட, விடு சென்னியப்பா, டீச்சரை நான் சொல்லுவனா? பொதுவாச் சொன்னேன்." பொங்கியண்ணன் பின்னால் நகர்ந்தான். அப்புறம் ஏதோ தோன்றினவனாக நின்றான். "ஆனா ஒண்ணு. அத்தனை ஒடம்புக்கு வந்து எந்திரிச்சவிங்களை நீ ஏன் மறுபடி கொண்டாந்து விடற? நானா இருந்தா விடமாட்டேன் போ."

சென்னியப்பன் வேன் கதவை அடித்துச் சாத்தினான். "உன் வேலையைப் பாத்துட்டுப் போடா" என்றான். டிவிஎஸ் இருமிக்கொண்டே போனது.

எதற்காகச் சண்டை போட்டேன் என்று வேனில் சாய்ந்து நின்று யோசித்தான். பொங்கியண்ணன் பள்ளிக்கூடம் திறந்தது சந்தோசம் என்றான், அதற்கும் கோபம் வந்தது, ஏன் கொண்டுவந்து விட்டாய் என்றான், அதற்கும் கோபம் வந்தது, ஆக எந்தப் பக்கம் நின்று நான் கத்துகிறேன். உள்ளே மணி அடித்தார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று பிரேயர் இல்லை போலிருக்கிறது, பாட்டுச் சத்தம் வரவில்லை, நேரே வகுப்புதான். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அறை அவளுடையது. பேர் கூப்பிடுகிறாள். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர், முகத்துணிக்குள்ளிருந்து வருவதால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளை மாதிரி கேட்டது. சில பேருக்குப் பதில் இல்லை. பதில் இல்லாத பேரை அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அந்தக் குரல். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீடு என்னவாக இருந்தது, மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டான், இவன் ஒருத்தன், சோறு இறங்கவில்லை, பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான், யாரோ ஒரு டீச்சர் ஒளிச்சேர்க்கை நடத்தினாள், இவன் ஐந்தாவது பெயில், ஒளியும் தெரியாது சேர்க்கையும் தெரியாது, ஆனால் அந்த இழுவை, பிள்ளைகளே என்று முடிக்கிற அந்த இழுவை, அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்தால் கொஞ்சம் தூக்கம் வரும். இப்போது நிஜக் குரலே காதில் விழுகிறது. தூறலுக்கு நடுவில், சுவரைத் தாண்டி, இலவசமாக. இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும், ஆத்தா, இதைவிட என்ன வேண்டும், என்று நினைத்தவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான், கொடுத்த வாக்கை மீறிவிட்டு மீறின சுகத்துக்கு ஆத்தாளிடமே நன்றி சொல்கிற துணிச்சல் யாருக்கு வரும்.

வாய்ப்பாடு நடந்தது. அவள் முதல் பாதி சொல்வாள், வகுப்பு மறுபாதி சொல்லும், எப்போதும் அப்படித்தான் நடத்துவாள், வீட்டில் பாத்திரம் துலக்கும்போது கூடச் சிலசமயம் முதல் பாதி சொல்லிவிட்டு இவனைப் பார்ப்பாள், இவன் தப்பாகச் சொல்லுவான். மூவேழு. இருபத்தொண்ணு. நாலேழு. இருபத்தெட்டு. ஐயேழு. முப்பத்தஞ்சு. அப்புறம் ஆறேழு வர வேண்டும். வரவில்லை. வரும், எச்சில் விழுங்குகிறாள், வரும். வரவில்லை. சுவரில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. சென்னியப்பன் எப்படிச் சுவரோரம் போனான், எதன் மேல் ஏறினான் என்று பின்னால் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான், ஜன்னல் கம்பி இரண்டு கையிலும் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். உள்ளே வஞ்சிக்கொடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை குனிந்திருந்தது. முகக்கவசம் உள்ளே ஒட்டுவதும் வெளியே உப்புவதுமாக, உள்ளே, வெளியே, உள்ளே. தோள் தூக்கித் தூக்கி இறங்கியது. அவனுக்கு அந்தத் தோள் தெரியும். இதோ வந்துவிட்டாள் ஆத்தா, டோக்கனைத் திரும்ப வாங்க வந்துவிட்டாள், முதல் நாளே வந்துவிட்டாள், நான்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டேன், என் வண்டியில், என் கையால். கூப்பிட வாயைத் திறந்தான். எட்டுத் தெருவுக்குக் கேட்கிற அந்தத் தொண்டையில் ஒரு காற்றுகூட வரவில்லை. அப்போது பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்று, எது என்று தெரியவில்லை, எல்லாம் வெறும் கண்கள், மெதுவாகச் சொன்னது. ஆறேழு. இன்னொன்று சேர்ந்துகொண்டது. நாப்பத்திரண்டு. டீச்சர் பாதியையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஏழேழு, நாப்பத்தொம்பது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, ரெண்டு வருசமாக வகுப்பைப் பார்க்காத பிள்ளைகள், சந்தைக்கு வந்த கன்றுகள் மாதிரி மிரண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அவள் மூச்சு வரும்வரை வாய்ப்பாட்டைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எட்டேழு. அம்பத்தி நாலு! என்று மொத்தமாகக் கத்தினார்கள். வஞ்சிக்கொடியின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. டஸ்டரை எடுத்து மேசையில் ஒரு தட்டு. சாக்பீஸ் தூள் புகைந்தது. "எத்தனை?" குரல் வந்துவிட்டது. தப்பான விடையைக் கேட்டதும் எங்கிருந்தோ வந்துவிட்டது. "எத்தனைன்னு கேட்டேன்?" வகுப்பு தடுமாறி அம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அவர்களைப் பார்த்த பார்வையை ஜன்னலிலிருந்து பார்த்தான். இவனை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பொறாமைப்பட வேண்டிய இடம். வரவில்லை. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான், கம்பி மழையில் குளிர்ந்து கிடந்தது, பிள்ளைகள் எல்லோரையும் கும்பிட வேண்டும் போல இருந்தது, கை கம்பியில் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

"சார், நீங்க டீச்சர் வீட்டுக்காரர்தானே? அங்கெல்லாம் நிக்கக்கூடாது சார். கீழ இறங்குங்க, சிமென்ட் தொட்டி உடைஞ்சிரும்." தலைமையாசிரியை ஆரோக்கியமேரி குடையோடு நின்றார்.

"எறங்கிட்டனுங்."

"டீச்சருக்கு ஏதாவதா?"

"இல்லீங். நல்லா இருக்குது. நெம்ப நல்லா இருக்குது."

வேனுக்குத் திரும்பி வந்தான். உட்கார்ந்தான். கணக்கைத் திரும்பவும் முதலிலிருந்து எடுத்தான். ஆத்தாளுக்கு நான் ஒரு பொருள் தருகிறேன் என்றேன். அந்தப் பொருள் இதோ, சுவருக்குப் பின்னால் டஸ்டரால் மேசையைத் தட்டுகிறது. இதை எப்படிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் இறக்குவது. யாருடைய பொருள் இது என்று கேட்டால் அவளுடையது மட்டும் என்று கூட இப்போது சொல்ல முடியாது போலிருக்கிறதே, அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறதே, ஒரு வண்டிக்கு இத்தனை ஓனரா, இதை அறியாமல் நான் பொறுப்பு என்று படியில் உட்கார்ந்து சொன்னேனே. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பயந்துகொள்வாள். பயந்தால் நின்றுவிடுவாள், சாமி காரியம், மீற மாட்டாள். நின்றுவிட்டால் நான் ஜெயித்தேன், மூச்சு தப்பித்தது. அதுதானே வேண்டும், அதற்குத்தானே ஆறு மாசமாகத் தவித்தாய், இப்போது ஏன் ஜெயித்த மாதிரியே இல்லை. நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஐயேழோடு நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் தினமும் இங்கே இப்படி உட்கார்ந்து, ஒவ்வொரு இருமலுக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் செத்து. அதுவும் ஒரு விலைதான். கொடுக்கிறேன் ஆத்தா, நான் கொடுக்கிறேன், என்னுடையதிலிருந்து எடுத்துக்கொள் என்றான். எதிரில் ஆள் இல்லை. தூறல் விட்டிருந்தது.

இன்டர்வெல் மணிக்குப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி வெளியே வந்தார்கள், தள்ளி நில்லு என்று ஒரு டீச்சர் கத்த, ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பிடித்தபடியே தள்ளி நின்றார்கள். வஞ்சிக்கொடி நேரே வேனுக்கு வந்தாள். முகக்கவசத்தை இறக்கி, வெந்நீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். கவசத்தின் நாடா காதுக்குப் பின்னால் சிவப்பாக அழுத்தியிருந்தது.

"போகலையா நீங்? சின்னத் திருப்பதி ஆளு வண்டி பாக்க வர்றேன்னாரே?"

"வரட்டும். நிக்கட்டும்."

"தொட்டி மேல ஏறி நின்னீங்களாமா."

"இந்தா புள்ளே, உன்ட்ட ஒண்ணு சொல்லோணும்." தொண்டையைச் செருமினான். செருமினதற்கு நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. "ஆஸ்பத்திரியில நீ கெடந்தப்ப... நான் ஆத்தாகிட்ட ஒரு பேச்சுப் பேசிட்டேன். உன்னைக் கேக்காம."

"பள்ளிக்கோடத்து வாசப்படிதானே? தெரியுமுங்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க மெதுவாப் பேசி என்னிக்கிப் பேசியிருக்கீங்? மாடிப்படியில உக்காந்து கத்துனது வார்டு முச்சூடும் கேட்டிருக்குது. நர்ஸ் பிள்ளை எனக்கு நெனவு வந்ததும் மொத வேலையா அதைத்தான் சொல்லுச்சு. 'அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்க வேலையை அம்மனுக்கு எழுதி வெச்சுட்டாரு'ன்னு. சிரிக்கத் தெம்பில்லை, சிரிச்சேன். இருமல் வந்துருச்சு."

"ஆறு மாசமாத் தெரிஞ்சுமா..."

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவனுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் வழியிலேயே வேறு என்னவோ ஆகி, கண்ணில் வந்து நின்றது. "தெரிஞ்சுமா இன்னிக்கு வந்தே? பயமில்லையா உனக்கு? பூக் கேட்டயா கோயில்ல?" ஆத்தா முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள், வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது, அந்த வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் அப்படிக் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"கேக்கலீங். எதுக்குக் கேக்கோணும்? செவப்பு வந்துட்டா?" வஞ்சிக்கொடி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "போன வெள்ளிக்கெழமை போயிட்டு வந்தேன். நீங்க ஆத்தூர் போயிருந்தீங்க. ஆத்தாளும் நானும் பேசிக்கிட்டோம்."

"என்ன பேசுனீங்க?"

"அது எங்களுக்குள்ள."

"என்ன குடுக்கறேன்னு சொன்னே? ஏதாச்சும் சொல்லாம அவ எப்படி ஒத்துக்குவா? என்ன சொன்னே?"

"பயம் இருக்குதுங்" என்றாள் அவள், அவன் கேட்டதற்கு இல்லாமல் முன்னால் கேட்டதற்கு. "இன்னிக்குப் பாத்தீங்கல்ல. ஆறேழுல நின்னுபோச்சு. இனியும் நிக்கும்." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பாதிதான் வந்திருக்குது. இந்து ஒருத்தி, நல்லாப் படிக்கிற புள்ளை, கோழிப் பண்ணையில முட்டை அடுக்கப் போறாளாமா. அவங்கப்பன் நெம்ப மொரண்டு. பள்ளிக்கோடத்துல இருந்து போன ஆளைத் திட்டி அனுப்பிட்டானாம். எனக்கு அவன்கிட்ட நின்னு கத்தறதுக்கு மூச்சுப் பத்தாது." அவன் முழங்கையில் ஒட்டியிருந்த சிமென்ட் தூளைத் தட்டிவிட்டாள். "நீங்க வந்து பேசறீங்களா? இந்தத் தடவை நானே கேக்கறனுங்."

மணி அடித்தது. அவள் முகக்கவசத்தை ஏற்றிக் கட்டினாள். சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். நாக்கு நுனியில் அந்தக் கேள்வி துடித்தது. என்ன கொடுத்தாள், என்ன விலைக்கு முடிந்தது, முடிந்த விலை தெரியாமல் ஒரு பேரத்தை விட்டு அவன் வாழ்நாளில் எழுந்து போனதில்லை, இப்போது தெரிந்தே ஆக வேண்டும், தெரியாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது. அவள் மூச்சு கவசத்துக்குள் உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது.

"அந்த இந்து புள்ளையோட அப்பன் ஊட்டுக்கு எத்தனை மணிக்குப் போகோணும்?" என்றான்.